மங்கல் என்றால் மங்கல்தான்

தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. பல்லக்கா என்றால்தான் தெரியும். பல் எடுப்பாக இருந்ததால் வந்த பட்டமில்லை. அவள் பல் செய்கிறவள். பல் மருத்துவர் சொத்தைப் பல்லைச் செதுக்கித் தள்ளியபின் அந்த இடத்தில் ஒரு பீங்கான் பல்லை மாட்டுகிறார் அல்லவா, அது எங்கிருந்தோ செய்து வர வேண்டும். அந்த எங்கிருந்தோதான் பல்லக்கா இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த கூடம். ஒரு மருந்துக்கடைக்கு மேல் இரண்டாவது மாடி. ஜன்னலோரம் நாலு மேஜை, உள்ளே ஒரு மின்சூளை, மூலையில் எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய்.

பல் என்றால் வெள்ளை என்று நினைப்பவர்கள் அவளிடம் வாய் கொடுத்துத் தப்பியதில்லை. "வெள்ளையா? எங்க, வாயத் திறங்க பாப்போம்" என்று ஆரம்பித்துவிடுவாள். ஈறுப் பக்கம் தேன் கலந்த மாதிரி ஒரு மஞ்சள், நடுவில் பால் திரிந்த மாதிரி ஒரு வெளுப்பு, நுனியில் கண்ணாடிபோல ஒரு நீலம். ஈரப் பீங்கான் மாவைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு அடுக்கிச் சூளையில் வைத்தால் இதெல்லாம் ஒரே பல்லில் வந்து உட்கார வேண்டும். பக்கத்துப் பல்லுக்கே சந்தேகம் வரக் கூடாது.

கைவேலை பொறுமையானதே தவிர, ஆள் பொறுமைக்காரி இல்லை. மூக்கு நுனியில் கோபம். பஸ்ஸில் இடிக்கிறவனைத் திட்டுவாள், தண்ணீர்க் குழாயைத் திறந்துபோட்ட மகளைத் திட்டுவாள், செய்தி வாசிப்பவரைக்கூடத் திட்டுவாள். அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். "ஊருல எந்த லிஃப்ட் நின்னாலும் கிளப்பிடுவேன், இவ வாயத்தான் நிறுத்த முடியாது" என்று அவளை வைத்துக்கொண்டே சொல்வார். அவளும் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தைந்து வயதில் முதலில் காணாமல் போனது கோபம்தான். யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் வீடு நிம்மதியாக இருக்கிறதென்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்துப் போனது பசி. பிறகு தூக்கம். அதற்கெல்லாம் ஒரு சாக்குச் சொல்ல முடிந்தது. சாக்குச் சொல்ல முடியாத ஒன்று கூடத்தில் நடந்தது. பாட்டு வாத்தியார் ஒருவருக்குச் செய்த முன்பல் திரும்பி வந்தது. கூடவே முதலாளிக்குப் பல் மருத்துவரின் போன். "பக்கத்துப் பல்லோட நிக்கிறப்ப, நேத்து வாடகைக்கு வந்தவன் மாதிரி நிக்குது. என்ன ஆச்சு உங்க அக்காவுக்கு?"

பல்லக்கா அந்தப் பல்லையும் நிறம் ஒப்பிடும் மாதிரிப் பற்களையும் ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். பொருந்தத்தான் செய்தது. அவளைப் பயமுறுத்தியதே அதுதான். அந்த மாதிரியோடு மட்டுமல்ல, அதற்கு அடுத்ததோடும், அதற்கடுத்ததோடும்கூடப் பொருந்தியது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி எல்லாப் பல்லும் ஒரே நிறம். பலமுறை துவைத்த துணி மாதிரி ஒரு நிறம்.

முதலாளி நல்ல மனுஷர்தான், அவசரக்காரர். "வயசாகுதுல்ல, கண்ணாடி போடுங்க" என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் இளவயது மருத்துவர் ஒருவர் எழுத்துப் பலகையைக் காட்டினார். வெள்ளைப் பலகை, கன்னங்கரேலென்று எழுத்து. கடைசி வரிவரை மடமடவென்று வாசித்தாள்.

"உங்க கண்ணு என் கண்ண விட நல்லா இருக்கும்மா."

"மங்கலா இருக்கு டாக்டர்."

"மங்கலா இருந்தா கடைசி வரி எப்படிப் படிச்சீங்க?"

"எழுத்து நல்லாத்தான் தெரியுது. மத்ததெல்லாம் மங்குது."

அவர் சிரித்துவிட்டு, கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பழைய பல்லக்காவாக இருந்தால் அந்தச் சிரிப்புக்கு அங்கேயே பதில் கொடுத்திருப்பாள். இவள் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் லிஃப்ட்காரர் தன் வழியில் யோசித்தார். மனைவி வீடே இருட்டாக இருக்கிறது என்கிறாள். அப்படியென்றால் விளக்கு சரியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏணியில் ஏறி நின்று முன்னறை, சமையலறை, குளியலறை, மொட்டைமாடிப் படிக்கட்டு என்று எல்லா விளக்கையும் மாற்றினார். சாயங்காலம் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இப்ப?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். "வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கு. ஆனா மங்கல் அப்படியேதான் இருக்குங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "ஒரு நாள் பூரா மெனக்கெட்டிருக்கேன். உனக்கு மனசுல குறை. அதுக்கு நான் எங்க போயி பல்பு வாங்குறது?" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அந்த வார்த்தையே வீட்டில் நிலைத்துவிட்டது. மனசுல குறை. மாடிப் போர்ஷனில் குடியிருந்த நாத்தனார் தினமும் இறங்கி வந்து உபதேசம் செய்தாள்: "நல்லதையே பாருங்க அண்ணி. பாக்கற விதத்துலதான் எல்லாம் இருக்கு." பார்க்கிற விதத்தில்தான் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்தவளிடமே இதைச் சொன்னாள்.

இன்னும் இரண்டு மூன்று பற்கள் திரும்பி வந்தபின், முதலாளி அவளை ஜன்னல் மேஜையிலிருந்து எழுப்பி, அச்சு வார்க்கும் அறைக்கு அனுப்பினார். ஜன்னலில்லாத அறை. ஜிப்சம் மாவைக் குழைத்து வாய் அச்சுகளில் ஊற்ற வேண்டும், காய்ந்ததும் தட்டி எடுக்க வேண்டும். அவளுடைய மேஜையில் அவளுக்குப் பல வருஷம் பின்னால் சேர்ந்த ஒருத்தி உட்கார்ந்தாள். பல்லக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

மகளுக்குத்தான் பொறி தட்டியது. காலேஜில் படிக்கிற பெண். ஒருநாள் குளித்துவிட்டு, வேண்டுமென்றே ஈரத்துண்டை அம்மாவின் மெத்தைமேல் விரித்துப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். அந்த வீட்டில் அது கொலைக்குற்றம். அம்மா துண்டைப் பார்த்தாள். துண்டுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டாள். மகள் அப்பாவிடம் ஓடினாள். "அப்பா, அம்மா திட்டல. துண்டு ஈரமா கெடக்கு, திட்டல. அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

மனநல மருத்துவரின் அறையில் மெத்தை வைத்த நாற்காலிகள், குறைந்த வெளிச்சம். அவர் மெதுவாகப் பேசினார். தூக்கம், பசி, அழுகை என்று கேட்டுக்கொண்டே வந்தார். அழுகை வரவில்லை என்றாள். பிறகு, எந்த வாசலிலும் விலைபோகாத அந்த விஷயத்தை இங்கே சொல்லலாமென்று நினைத்தாள்.

"எல்லாம் மங்கலாத் தெரியுது டாக்டர். கலரெல்லாம் வெளுத்துப் போச்சு."

அவர் இரக்கத்தோடு தலையாட்டினார். "உலகமே இருண்ட மாதிரி இருக்கு, இல்லையா? இந்த நிலைமையில எல்லாரும் அப்படித்தான் உணர்வாங்க."

"இல்ல டாக்டர். நான் பல்லச் சொல்றேன்."

"பல்லா?"

"பல்லு கலர். ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே தெரியல."

"வாழ்க்கையில பிடிப்பு குறைஞ்சா, வேலையிலயும் சுவாரசியம் குறையும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மனச்சோர்வு. மாத்திரை. அந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டியவள்தான் அவள். அதில் அவர் தப்புச் செய்யவில்லை. ஆனால் அவள் கண்ணால் கண்டதைச் சொன்னாள், அவர் அதை ஒரு பேச்சுவழக்காக எடுத்துக்கொண்டார். இருண்டுபோச்சு, வெளுத்துப்போச்சு என்று ஊரே துக்கத்துக்குச் சொல்லிவைத்திருக்கிற வார்த்தைகள்தான் அவளிடமும் இருந்தன. உண்மையாகவே வெளுத்துப்போனதைச் சொல்ல வேறு வார்த்தைக்கு அவள் எங்கே போவாள்?

சில வாரத்தில் தூக்கம் வந்தது. சாப்பாடு இறங்கியது. வீட்டார் மூச்சு விட்டார்கள். ஆனால் கண்ணில் புதிதாக ஒரு வம்பு சேர்ந்துகொண்டது. கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் குழம்பியது. ஊசி முனை இரண்டாகத் தெரிந்தது. வெளியே போனால் வெயில் கண்ணுக்குள் கைவிட்டுக் கிள்ளியது. எதிரே வருகிற வண்டியின் விளக்கைச் சுற்றிப் பெரிய வளையம். முன்பு மங்கல் மட்டும். இப்போது மங்கலோடு கலங்கல், அதன்மேல் கூச்சம்.

மனநல மருத்துவரிடம் சொன்னாள். "இது பதற்றத்தால வர்றதும்மா. கண்ணையே நினைச்சுட்டு இருக்காதீங்க" என்றார்.

அவள் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். ஒரே நாளில், முழுசாக. அது பெரிய தப்பு. நாலைந்து நாளில் தலைக்குள் யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது போலிருந்தது. கூடத்தின் படிக்கட்டில் இறங்கும்போது கால் தடுமாறி, கடைசிப் படிகளில் உருண்டு விழுந்தாள். முழங்கை சிராய்ந்து, தோள் வீங்கி வீட்டுக்கு வந்தவள் மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னதும் லிஃப்ட்காரர் கத்தினார்.

"மாத்திரைய ஏன் நிறுத்துன? செத்துத் தொலைஞ்சா என்ன பண்றது?"

"கண்ணு தெரியலங்க."

"மறுபடியும் கண்ணா? கண்ணு நல்லா இருக்குன்னு ஆஸ்பத்திரில எழுதியே கொடுத்துட்டாங்க!"

அப்போது ஒன்று நடந்தது. பல்லக்காவுக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாள் ஓடாத வண்டி மாதிரி இருமிக்கொண்டு, புகைந்துகொண்டு வந்தது. குரல்கூடச் சரியாக எழவில்லை. "அப்ப வாங்க. மறுபடியும் போவோம். என் கூட நின்னு நீங்களே கேளுங்க" என்றாள். மகள் மறுநாள் மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வைத்தாள். தோள் வீக்கம் வடிந்ததும் மூன்று பேருமாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இந்தத் தடவை மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் சோதனை செய்ய வந்தது ஒரு பெண். கழுத்தில் சின்ன டார்ச், கையில் பாதி கடித்த பிஸ்கட். டார்ச்சை அடித்ததும் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

"கண்ணு பாப்பா இவ்ளோ விரிஞ்சு கெடக்கே. என்ன மாத்திரைக்கா சாப்பிடுறீங்க?"

பல்லக்கா கணவரைப் பார்த்தாள். இவ்வளவு நாளில் கண்ணைப் பார்த்தவர்கள் மாத்திரையைக் கேட்கவில்லை. மாத்திரையைக் கொடுத்தவர் கண்ணைப் பார்க்கவில்லை. மாத்திரையின் பெயரைச் சொன்னாள்.

"அதான். இது சிலருக்குப் பாப்பாவ விரிய வச்சிடும். வெயில் கூசும். கிட்டத்துல பாக்குற தசையும் சோம்பிப் போயிடும். டாக்டர் சொல்லலையா?"

"பதற்றம்னாரு."

அந்தப் பெண் டார்ச்சை அணைத்தாள். "மாத்திரைக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு? அதத் தனியாச் சொல்லுங்க" என்றாள். பல்லக்கா சொன்னாள். பல்லைச் சொன்னாள், துவைத்த துணியைச் சொன்னாள், விளக்கு மாற்றியதைச் சொன்னாள். லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். அந்தப் பெண் எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தூசி தட்டி மாட்டினாள். அதில் எழுத்தெல்லாம் ஒரே அளவு, பெரிய பெரிய எழுத்து. ஆனால் மேலே கறுப்பாக ஆரம்பித்து, கீழே போகப் போக வெளிறிக்கொண்டே போய், கடைசியில் வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்தது.

பல்லக்கா வாசிக்க ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

"அடுத்த வரி?"

"அடுத்த வரி எங்க இருக்கு? வெறும் அட்டைதான்."

"நான் இதுவரைக்கும் படிப்பேன்க்கா" என்று அந்தப் பெண் ரொம்பக் கீழே விரலை வைத்தாள். லிஃப்ட்காரரும் அதே இடம்வரை வாசித்தார். மகள் இன்னும் ஒரு வரி அதிகம் வாசித்தாள்.

தேர்வில் தோற்றுப்போய் அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அந்த அறை பார்த்திருக்காது. பல்லக்கா கைதட்டாத குறை. "பாத்தீங்களா? பாத்தீங்களா? தெரியல! எனக்குத் தெரியவே இல்ல!" என்று கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தப் பெண் நிதானமாக விளக்கினாள். மனச்சோர்வு வந்தவர்களில் சிலருக்கு, பக்கத்துப் பக்கத்து வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்கிற திறன் குறைகிறது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். நோய் தணிந்தால் தேறலாம். சத்தியம் செய்துகொடுக்க முடியாது. "முதல் சங்கதி நோயால. ரெண்டாவது மாத்திரையால. ரெண்டையும் எழுதித் தர்றேன், உங்க டாக்டர்கிட்ட பேசுங்க. மாத்திரைய நீங்களா மட்டும் நிறுத்தாதீங்க."

பல்லக்கா கிளம்பும்போதுதான் கேட்டாள். "போன தடவ வந்தப்ப இந்த அட்டை எங்க இருந்துச்சு?"

"இங்கதான்க்கா, கதவுக்குப் பின்னாடி. நேரமாகும்னு இத யாரும் எடுக்கறதில்ல."

"கதவுக்குப் பின்னாடியா?"

அந்தக் குரலுக்கு வராந்தாவில் சொட்டு மருந்து போட்டு உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் மூடிய கண்ணைத் திறந்தார்கள். "நான் இந்த நாற்காலியில உக்காந்து மங்கலா இருக்குன்னு சொல்லிட்டிருக்கேன், அட்டை கதவுக்குப் பின்னாடி தொங்கிட்டிருந்துச்சா? என் மேஜை போச்சு. படிக்கட்டுல உருண்டேன். வீட்டுல பைத்தியக்காரப் பட்டம். எல்லாத்துக்கும் கதவத் திறந்து பாக்க உங்களுக்கு நேரமில்லையா?" மகள் ஒரு கையையும் கணவர் ஒரு கையையும் பிடித்துக்கொண்டு கீழே இறக்கினார்கள். அந்தச் சோதனைப் பெண் மீதிப் பிஸ்கட்டோடு நின்று, தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு அவளுக்கில்லை என்று இருவருக்கும் தெரியும்.

மனநல மருத்துவரிடம் போனபோது பல்லக்கா நாற்காலியில் உட்காரவில்லை.

"டாக்டர், நான் இங்க கவிதை சொல்ல வரல. மங்கல்னா மங்கல்தான். வெளுப்புன்னா வெளுப்புதான். கண்ணால பாத்ததச் சொன்னேன். நீங்க தலையாட்டிட்டு வாழ்க்கையப் பத்திப் பேசுனீங்க."

"உட்காருங்கம்மா, இவ்வளவு கோபம் உங்களுக்கு நல்லதில்ல."

"இது வந்ததுக்குத்தான் நான் சந்தோஷப்பட்டுட்டு இருக்கேன்."

லிஃப்ட்காரருக்கு வீரம் வந்துவிட்டது. "சார், லிஃப்ட்ல சத்தம் வருதுன்னு ஒருத்தர் சொன்னா, பயப்படாதீங்கன்னு சொல்லிட்டு நான் வந்துட முடியுமா? ஏறிப் பாக்கணும்ல?"

பல்லக்கா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏறிப் பாத்தீங்களா?"

அவர் மகளுக்குப் பின்னால் ஒதுங்கினார். மருத்துவர் கண் ஆஸ்பத்திரிக் குறிப்பை வாங்கி, இரண்டு தடவை படித்தார். டார்ச்சை எடுத்து அவள் கண்ணில் அடித்துப் பார்த்தார். "முதல்லயே தெளிவாச் சொல்லியிருக்கலாமே" என்றார். மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். கடித்த சத்தம் அறைக்கே கேட்டது என்று மகள் பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அவர் வேலையை இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தார். பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். வாரா வாரம் கண்ணைப் பற்றிக் கேட்டார்.

கூச்சமும் கலங்கலும் முதலில் போயின. மங்கல் நிதானமாகத்தான் விலகியது. ஒரு நாள் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்தவரின் சட்டைக் காலரில் அழுக்கு தெரிந்தது. பழுப்பு, அதன் ஓரத்தில் இன்னொரு பழுப்பு. இறங்குமிடம் தாண்டியும் அதையே பார்த்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்தால், அவள் பார்க்காத காலமெல்லாம் சேர்த்துவைத்த அழுக்கு வரிசையாக நின்றது. அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு, மின்விசிறி இறக்கையில் கறுப்பு. முன்னறைச் சுவரைப் பார்த்தவள் அலறியேவிட்டாள். "யாரு இந்தக் கலர அடிச்சது? இது என்ன, இருமல் மருந்தா?"

"உன்னக் கேட்டுத்தான் அடிச்சோம். எதுவா இருந்தாலும் சரின்ன" என்றார் லிஃப்ட்காரர்.

"நோய்ல கெடந்தவள்ட்ட கலர் கேப்பாங்களா?" நாத்தனார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இறங்காமலே உள்ளே போய்விட்டாள்.

கூடத்தில் கதை வேறு மாதிரி ஆயிற்று. ஜன்னல் மேஜையைத் திரும்பக் கேட்டாள். முதலாளி மாதிரிப் பற்களைக் கலைத்துப் போட்டு, பொருத்தச் சொன்னார். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சரியாகப் பொருத்தினாள். அவர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு தப்பாயிடுச்சே. நோய் வந்த உடம்பு. நாளைக்கு மறுபடி வந்தா? அச்சு ரூம்லயே இருந்துடுங்க, உங்களுக்கும் டென்ஷன் இல்ல."

"எனக்கு டென்ஷன் இல்லாம பாத்துக்கிறதுக்கு நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு, தன் தூரிகைகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு படியிறங்கினாள். இருபது வருஷம் உழைத்த அவளை வழியனுப்ப அந்தச் சொட்டுக் குழாய்தான் மிச்சம்.

வேறொரு பல் மருத்துவமனையின் பின்னறையில் இடம் கிடைத்தது. நடத்துகிறவர் வயதான பல் டாக்டரம்மா, அதிகம் பேசாதவர். முதல் நாளே பல்லக்கா நின்றபடி சொன்னாள். "எனக்கு மனச்சோர்வு உண்டும்மா. மாத்திரை சாப்பிடுறேன். ஒரு நாள் நிறம் பிடிபடலன்னா நானே சொல்லுவேன். அன்னிக்கு நீங்க என்ன நம்பணும்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல சண்டை போடுவேன்."

டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார்.

அந்த நாள் வராமலில்லை. மழைக்காலத்தில் தூக்கம் கெட்டு, ஒரு காலையில் இரண்டு மாவும் ஒரே மாவாகத் தெரிந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று தூரிகையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய், "இன்னிக்கு மங்கல்மா" என்றாள்.

"சரி, நிறம் பாக்குறத அடுத்த வாரம் வச்சுக்கலாம். இன்னிக்கு மெருகு போடுங்க. டாக்டருக்குப் போன் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, டாக்டரம்மா அடுத்த நோயாளியின் வாய்க்குள் குனிந்துவிட்டார்.

அவ்வளவுதான். நிரூபிக்கச் சொல்லவில்லை, உபதேசம் செய்யவில்லை, விளக்கை மாற்றவில்லை. பல்லக்கா போன் பண்ணினாள். கை கழுவும் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றவளுக்கு நன்றி வர வேண்டிய இடத்தில் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா? ஒரு 'சரி' சொன்னால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கா அத்தனை பேரும் சேர்ந்து அவளை அத்தனை பாடுபடுத்தினார்கள்? அவ்வளவு காலமும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வாய்க்கு வந்தபடி திட்டி முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு மெருகு போட உட்கார்ந்தாள்.